பதினாறரை மணி நேர மௌனம்

சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சனிக்கிழமை இரவு மணி 9.40. கேம்பல் லேனில் இருக்கும் மாமாவின் கடையில் தோரணங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் கைப்பேசியைத் திறந்தேன். மின்னஞ்சல் செயலி என்னை வெளியேற்றியிருந்தது.

மறைச்சொல்லைத் தட்டினேன். தவறு என்றது. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மீண்டும் தட்டினேன். இந்த முறை வேறு ஒரு வரி வந்தது. என் மறைச்சொல் சற்று நேரத்துக்கு முன்பு மாற்றப்பட்டுவிட்டதாம்.

நான் மாற்றவில்லை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பத்தில் யாருடைய கைப்பேசி மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். அத்தைக்கு சிங்பாஸ் செயலி, பாட்டிக்குத் தமிழ் எழுத்துப்பலகை, மாமா கடைக்கு மின்னஞ்சல் கணக்கு வழக்கு எல்லாம் நான் அமைத்துக் கொடுத்தவை. “கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை” என்று மாமா வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்தப் பெருமைதான் அன்றிரவு என் வாயைக் கட்டிப்போட்டது. வீட்டுக்குப் போனேன். அம்மா “சாப்பிட்டாயா?” என்றார். “சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல் மணி 2.15 வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினாறரை மணி நேரம். அதற்கு என் மாமா கொடுத்த விலை 3,800 வெள்ளி.

எப்படி உள்ளே வந்தார்கள்?

கதவைத் திறந்துவிட்டது நானேதான். முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, வகுப்புத் தோழி ஒருவரின் மின்னஞ்சலிலிருந்து ஓர் இணைப்பு வந்தது. ‘குழு ஒப்படைப்பு, திருத்திய பிரதி’ என்ற தலைப்பு. எங்களுக்கு உண்மையிலேயே ஒரு குழு ஒப்படைப்பு இருந்தது. பேருந்தில் நின்றுகொண்டே இணைப்பைத் தட்டினேன். மீண்டும் உள்நுழையச் சொன்னது. மின்னஞ்சல் முகவரியையும் மறைச்சொல்லையும் கொடுத்தேன். ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்று வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்தத் தோழியின் கணக்கு எனக்கு முன்பே ஊடுருவப்பட்டிருந்தது. என்னை உள்நுழையச் சொன்ன பக்கம் போலி. முகவரிப் பட்டையை ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

அந்த மறைச்சொல்லை நான் வைத்தது உயர்நிலை ஒன்றில். அப்போது வளர்த்த மீனின் பெயரும் பிறந்த ஆண்டும். ஏழு இணையத்தளங்களுக்கு அதே மறைச்சொல். இருபடிச் சரிபார்ப்பை இயக்கச் சொல்லி மின்னஞ்சல் சேவை பலமுறை நினைவூட்டியது. ஒவ்வொரு முறையும் ‘பின்னர்’ என்ற பொத்தானைத் தட்டியிருக்கிறேன். கணக்கை மீட்பதற்கான மாற்று முகவரியாக உயர்நிலைப் பள்ளியில் கொடுத்த மின்னஞ்சலைப் பதிந்து வைத்திருந்தேன். பள்ளியை விட்டதும் அந்த முகவரி செயலிழந்துவிட்டது. நெட்வொர்க் பாதுகாப்புப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண் ‘ஏ’.

ஒரு சாவி, பல பூட்டுகள்

மின்னஞ்சல் என்பது கடிதப் பெட்டி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நண்பர்களோடு பேச வாட்ஸ்அப், டெலிகிராம் இருக்கின்றன. மின்னஞ்சல் பள்ளிக்கும் வேலைக்கும் மட்டும்தானே என்ற எண்ணம். உண்மையில் அது சாவிக்கொத்து. இன்ஸ்டகிராம், இணைய விளையாட்டு, இணையக் கடை என்று எதில் மறைச்சொல்லை மறந்தாலும், புதிதாக ஒன்றை அமைப்பதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறதோ, மற்றவையும் அவர் கையில்.

2012 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தியாளர் மேட் ஹோனனுக்கு நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊடுருவிகள் அவருடைய அமேசான் கணக்கிலிருந்து கடன் அட்டையின் கடைசி நான்கு எண்களை அறிந்துகொண்டார்கள். அந்த எண்களைச் சொல்லி ஆப்பிள் கணக்கைப் பிடித்தார்கள். அதன்வழி கூகல் கணக்கு, அதன்வழி டுவிட்டர். அவருடைய கைப்பேசி, ஐபேட், மடிக்கணினி மூன்றில் இருந்தவற்றையும் தொலைவிலிருந்தே அழித்தார்கள். அவர் தொழில்நுட்பம் பற்றி எழுதியே பிழைப்பவர். கணக்குகள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் பிணைந்திருந்ததும் இருபடிச் சரிபார்ப்பு இல்லாததும்தான் காரணம் என்று அவரே பின்னர் எழுதினார்.

என் சாவிக்கொத்தில் இன்னொருவரின் கடைச் சாவியும் தொங்கியது. மதுரையிலிருந்து அகல்விளக்கு அனுப்பும் வியாபாரியுடன் மாமா சார்பில் மின்னஞ்சல் எழுதுவது நான்தான். விலைப்பட்டியல், கப்பல் ரசீது, பாக்கித் தொகை எல்லாம் என் பெட்டியில் இருந்தன. உள்ளே வந்தவர்கள் ஒரு நாள் முழுக்க எதையும் செய்யவில்லை. அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நூலகத்தில் ஒரு காலை

ஞாயிற்றுக்கிழமை காலை விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து செய்தால் அம்மா கேட்பார் என்ற பயம். அங்குள்ள பொதுக் கணினியில் கணக்கை மீட்கும் பக்கத்தைத் திறந்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் கொடுத்தேன். ‘இந்தக் கணக்கு உங்களுடையது என உறுதிசெய்ய இயலவில்லை.’ இன்னொரு முறை முயன்றேன். அதே பதில். மூன்றாவது முறை, சிறிது காலம் கழித்து முயலுமாறு சொல்லிவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கணக்கை மீட்க வருபவர் உண்மையான உரிமையாளரா, திருடனா என்று மின்னஞ்சல் சேவைக்குத் தெரியாது. இருவரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அதனால் அது வேறு தடயங்களைப் பார்க்கிறது. வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் கணினியா, வழக்கமான வீட்டு இணைய இணைப்பா, வழக்கமான ஊரா, பழைய மறைச்சொல் தெரிகிறதா? நான் முன்பின் பயன்படுத்தாத பொதுக் கணினியிலிருந்து தட்டியதால் அதன் கண்ணுக்கு நானும் இன்னொரு திருடி. அம்மாவிடம் மறைக்கப் போனதே மீட்புக்குத் தடையாயிற்று.

அன்றிரவு 9 மணிக்குக் கடை அடைக்கும் நேரத்தில் மாமாவுக்கு உதவப் போனேன். சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு; கேம்பல் லேனில் நடக்க இடமில்லை. மாமா கல்லாவை எண்ணிக்கொண்டே சொன்னார்.

“மதுரைக்காரருக்கு 3,800 அனுப்பிட்டேம்மா. பார்த்தியா?”

“எந்த 3,800?”

“நீதானே காலையில எழுதியிருந்த? அவங்க பேங்க் மாறிடுச்சு, இங்க இருக்கிற ஏஜெண்டுக்கு பேநவ்ல போடுங்கன்னு?”

கையிலிருந்த அகல்விளக்குப் பெட்டியைக் கீழே வைத்தேன். மாமா தம் கைப்பேசியைக் காட்டினார். என் முகவரியிலிருந்து, என் பெயரில், பழைய கடிதத் தொடரிலேயே பதிலாக எழுதப்பட்டிருந்தது. தொகை சரி. விலைப்பட்டியல் எண் சரி. நான் எப்போதும் ஆங்கில எழுத்தில் ‘வணக்கம் மாமா’ என்று தொடங்குவேன். அதையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘ஒப்படைப்பு வேலை இருப்பதால் இன்று தொலைபேசியில் பேச முடியாது’ என்று கடைசியில் ஒரு வரி.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முந்தைய இரவு முழுக்க என்னால் சொல்ல முடியாமல் இருந்தது இவ்வளவுதான்.

மாமா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “ஏம்மா, நேத்தே சொல்லியிருக்கக்கூடாதா?”

இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

மீட்ட இரவு

முதலில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழைத்தோம். அடுத்து 1799. இது மோசடி குறித்து ஆலோசனை கேட்க 24 மணி நேரமும் அழைக்கக்கூடிய ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 2024ல் தொடங்கப்பட்டது. பிறகு காவல்துறையில் புகார் கொடுத்தோம். பணம் போன கணக்கில் சுமார் 600 வெள்ளி மட்டும் எஞ்சியிருந்ததாகப் பின்னர் தெரிந்தது. மற்றவை பிற்பகலிலேயே வேறு இடத்துக்குப் போய்விட்டன.

நள்ளிரவுக்குப் பிறகு வீட்டில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என் சொந்த மடிக்கணினியில் மீண்டும் முயன்றேன். வழக்கமான கணினி, வழக்கமான இணைப்பு. கடைசியாக நினைவிருக்கும் மறைச்சொல் கேட்டது, கொடுத்தேன். ஊடுருவிகள் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், என் பழைய கைப்பேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பு இன்னும் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மீட்பு எண்ணையோ மாற்று முகவரியையோ யாராவது மாற்றிவிட்டாலும், பழையதை வைத்துக் கணக்கை மீட்கச் சில சேவைகள் சில நாள்கள் அவகாசம் தருகின்றன. கூகல் கணக்கில் அது 7 நாள். அந்த அவகாசம் முடிந்தபின் கதை வேறு.

ஆறு எண்கள் கைப்பேசிக்கு வந்தன. தட்டினேன். உள்ளே போனேன்.

உள்ளே போனதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. வீட்டுக்குள் புகுந்த திருடன் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கலாம். மறைச்சொல்லை மாற்றிவிட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன். மீட்பு எண்ணையும் மாற்று முகவரியையும் திருத்தினேன். கணக்கோடு இணைந்திருந்த வெளிச் செயலிகளைப் பார்த்தேன். நான் அனுமதி கொடுக்காத ஒன்று இருந்தது. நீக்கினேன்.

அடுத்து, பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத ஓர் இடம்: மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் இருக்கும் வடிகட்டிகளும் தானாக முன்னனுப்பும் விதிகளும். இரண்டு புதிய விதிகள் இருந்தன. ஒன்று, மதுரையிலிருந்து வரும் எல்லாக் கடிதங்களையும் அறியாத ஒரு முகவரிக்கு அனுப்பியது. மற்றொன்று, மாமாவின் முகவரியிலிருந்து வருபவற்றை நேராகக் குப்பைத்தொட்டிக்குத் தள்ளியது. மறைச்சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் இந்த இரு விதிகளும் தொடர்ந்து வேலை செய்திருக்கும்.

குப்பைத்தொட்டியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.15க்கு மாமா அனுப்பிய பதில் அங்கே கிடந்தது. பணம் அனுப்பியதற்கான படம். அதன்கீழ் ஒரே வரி. “அனுப்பிட்டேன்மா. நீ நல்லா படி.”

கணக்கு பறிபோனபோது அழவில்லை. பணம் போனது தெரிந்தபோதும் அழவில்லை. அந்த வரியைப் படித்தபோது அழுதேன்.

பெரியவர்களும் தப்பவில்லை

மாமா கடைக்கு நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு: வணிக மின்னஞ்சல் மோசடி. கடிதப் போக்குவரத்தை வேவு பார்த்து, பணம் கைமாறும் நேரத்தில் வங்கி விவரத்தை மட்டும் மாற்றுவது. பெரிய நிறுவனங்களும் இதில் விழுகின்றன.

2024 ஜூலை 15ஆம் தேதி சிங்கப்பூரில் உள்ள ஒரு மூலப்பொருள் வர்த்தக நிறுவனத்துக்கு, வழக்கமான விநியோகிப்பாளரிடமிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிப் பணத்தைத் தீமோர் லெஸ்டேயில் உள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு அதில் இருந்தது. அனுப்பியவரின் முகவரி, உண்மையான முகவரியிலிருந்து எழுத்துக்கூட்டில் இம்மியளவே வேறுபட்டிருந்தது. ஜூலை 19ஆம் தேதி நிறுவனம் 42.3 மில்லியன் அமெரிக்க டாலரை அனுப்பியது. நான்கு நாள் கழித்து உண்மையான விநியோகிப்பாளர், பணம் வரவில்லையே என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அந்த நிறுவனம் அதே நாளில், ஜூலை 23ஆம் தேதி, காவல்துறையிடம் சென்றது. சிங்கப்பூர்க் காவல்துறை இன்டர்போல் வழியாகத் தீமோர் லெஸ்டே அதிகாரிகளைத் தொடர்புகொண்டது. இரண்டே நாளில் 39 மில்லியன் டாலர் அந்தக் கணக்கிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. ஏழு பேர் கைது செய்யப்பட்டனர். மேலும் 2 மில்லியனுக்கு மேல் மீட்கப்பட்டது. ஏமாந்ததை அறிந்த அன்றே வாயைத் திறந்ததால் கிடைத்த பலன் இது.

இந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது என் பதினாறரை மணி நேரம் நினைவுக்கு வந்தது. அந்த நிறுவனத்துக்கு, ஏமாந்தது தெரிந்தபோது பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எனக்கோ, கணக்கு பறிபோனது தெரிந்தபோது பணம் இன்னும் மாமாவிடம்தான் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்திருக்கும்.

மோசடிகளால் சிங்கப்பூரில் 2023ல் பறிபோன தொகை 651.8 மில்லியன் வெள்ளி. 2024ல் அது 1.1 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. 51,501 சம்பவங்கள் பதிவாயின. 2021 இறுதியில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்ததும், அதன்பின் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் இணைப்புகளைத் தவிர்க்கத் தொடங்கியதும் பலருக்கு நினைவிருக்கும்.

மறைச்சொல் மட்டுமே காவல் என்றால் என்ன ஆகும் என்பதை நம் சிங்பாஸின் கதையே சொல்லும். 2014 ஜூனில் 1,560 சிங்பாஸ் கணக்குகள் அனுமதியின்றி அணுகப்பட்டிருக்கலாம் என அறிவிக்கப்பட்டது. கேட்காமலேயே மறைச்சொல் மாற்றக் கடிதம் வந்ததாகச் சிலர் தெரிவித்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு கடிதத்தை அலட்சியம் செய்யாமல் கேள்வி கேட்ட சிலர் நூற்றுக்கணக்கானோருக்கு உதவினார்கள். 2015 ஜூலையில் சிங்பாஸில் இருபடிச் சரிபார்ப்பு அறிமுகமானது. அடுத்த ஆண்டு முக்கியமான அரசாங்க இணையச் சேவைகளுக்கு அது கட்டாயமாயிற்று.

இருபடிச் சரிபார்ப்பு என்பது எளிது. உங்களுக்குத் தெரிந்த ஒன்று, அதாவது மறைச்சொல். உங்கள் கையில் இருக்கும் ஒன்று, அதாவது கைப்பேசி. திருடனுக்கு இரண்டும் வேண்டும். கூகல் 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி, குறுஞ்செய்தியில் வரும் குறியீடு பலரையும் குறிவைத்து வீசப்படும் போலி மின்னஞ்சல் தாக்குதல்களில் 96 விழுக்காட்டைத் தடுத்தது. கைப்பேசித் திரையில் ‘ஆம்’ என்று உறுதிசெய்யும் முறை 99 விழுக்காட்டைத் தடுத்தது. நூறு அல்ல. போலிப் பக்கத்தில் குறியீட்டையும் சேர்த்துத் தட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனாலும் நான் ‘பின்னர்’ என்று தள்ளிய பொத்தானுக்குப் பின்னால் இருந்தது அந்தக் காவல்தான்.

ஏன் மறைக்கிறோம்?

கணக்கு ஊடுருவப்பட்ட பிறகு நான் என் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினேன். அப்போதுதான் தெரிந்தது, ஏறக்குறைய ஒவ்வொரு மேசையிலும் ஒரு கதை இருந்தது. இன்ஸ்டகிராம் கணக்கை இழந்தவர், இணைய விளையாட்டில் சேர்த்த பொருள்களைப் பறிகொடுத்தவர், பகுதிநேர வேலை என்று நம்பி 200 வெள்ளி கொடுத்தவர். பெரும்பாலோர் வீட்டில் சொல்லவில்லை. எனக்கு இணைப்பு அனுப்பியதாகக் காட்டப்பட்ட தோழிக்கு, தம் கணக்கில் ஏதோ சரியில்லை என்று வியாழக்கிழமையே தெரியும். ‘எல்லாரும் சிரிப்பார்கள்’ என்று அவர் குழுவில் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நான் விழுந்தேன். நான் சொல்லாததால் மாமா விழுந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல்தான் இது. கடைசியில் தெரியத்தான் போகிறது. தெரியும் நேரத்தை மட்டுமே நாம் தள்ளிப்போடுகிறோம். அந்த இடைவெளியில்தான் திருடன் வேலை செய்கிறான். நம் கணக்கைக் கொண்டு அவன் அடுத்துக் குறிவைப்பது நம்மை நம்பும் ஆட்களை. அவன் திருடியது என் மறைச்சொல்லை மட்டுமா? என்மேல் மாமா வைத்திருந்த நம்பிக்கையையும்தான். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு 3,800 வெள்ளி மதிப்பு வந்திருக்காது.

ஏமாறுவது முட்டாள்தனம் என்ற எண்ணத்தையும் நாம் விட வேண்டும். 2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஹில்லரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, மறைச்சொல்லை உடனே மாற்றுமாறு கூகல் எச்சரிப்பதுபோல் ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. தொழில்நுட்பக் குழுவில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ‘இது உண்மையான மின்னஞ்சல்’ என்று பதில் எழுதினார். உண்மையல்ல என்று எழுத நினைத்து ஆங்கிலத்தில் இரண்டெழுத்தை விட்டுவிட்டதாக அவர் பின்னர் சொன்னார். பொடெஸ்டாவின் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் அந்த ஆண்டு உலகுக்கே வெளியாயின. வல்லுநர்கள் சூழ இருந்தவருக்கே இந்த நிலை என்றால், பேருந்தில் நின்றபடி கைப்பேசியைத் தட்டும் நம்மைக் கேட்கவா வேண்டும்?

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லியாக வேண்டும். திருடப்பட்ட பணம் கைமாற உள்ளூர் வங்கிக் கணக்குகள் தேவை. ‘கணக்கைச் சில நாள் கொடு, பணம் தருகிறோம்’ என்று இளையர்களை அணுகுகிறார்கள். வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ இப்படிப் பிறருக்குக் கொடுப்பவர்களைத் தண்டிக்க 2023ல் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன. மாமாவின் பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் உரிமையாளர் யார் என்று எனக்குத் தெரியாது. என் வயதுடைய ஒருவராகவும் இருக்கலாம். அதேபோல், விளையாட்டுக்காகக்கூட நண்பரின் மறைச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையாதீர்கள். அனுமதியின்றி மற்றவர் கணக்கில் நுழைவது கணினிச் சட்டப்படி குற்றம். முதல்முறை குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

உங்கள் கணக்கு பறிபோனால்

• முதலில் ஆள்களிடம் சொல்லுங்கள். குடும்பக் குழு, வகுப்புக் குழு, உங்கள் மின்னஞ்சலை நம்பிப் பணம் அனுப்பக்கூடியவர்கள். ‘என் கணக்கு என்னிடம் இல்லை. என் பெயரில் எது வந்தாலும் நம்ப வேண்டாம்’ என்ற இரண்டு வரி போதும்.

• பணம் போயிருந்தால் உடனே வங்கியை அழையுங்கள். காவல்துறையில் புகார் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799.

• வழக்கமாகப் பயன்படுத்தும் கைப்பேசி அல்லது கணினியிலிருந்து, வழக்கமான வீட்டு இணைப்பில் கணக்கை மீட்க முயலுங்கள். மின்னஞ்சல் சேவையின் சொந்தப் பக்கத்துக்கு மட்டும் செல்லுங்கள். ‘கணக்கை மீட்டுத் தருகிறோம்’ என்று சமூக ஊடகத்தில் வருபவர்கள் இரண்டாவது மோசடிக்காரர்கள்.

• உள்ளே போனதும் மறைச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். வடிகட்டிகள், முன்னனுப்பும் விதிகள், இணைந்துள்ள செயலிகள், மீட்பு எண் ஆகிய நான்கையும் பாருங்கள்.

• அதே மறைச்சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ, அங்கெல்லாம் மாற்றுங்கள். எனக்கு அது ஏழு இடம்.

• எதுவும் நடக்காதவர்கள் இன்றே இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அப்போது கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பாதுகாப்பாக வையுங்கள். மீட்பு முகவரி இன்னும் செயல்படுகிறதா என்று பாருங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு கடையில் கூட்டம் அலைமோதியது. மதுரை வியாபாரிக்கு உண்மையான 3,800 வெள்ளியை மாமா தம் சேமிப்பிலிருந்து அனுப்பியிருந்தார். நான் சம்பளம் வேண்டாம் என்றேன். “அது வேற, இது வேற” என்று வழக்கம்போல் கையில் திணித்தார். ஒவ்வொரு மாதமும் அதில் பாதியைக் கல்லாவுக்கு அடியில் இருக்கும் ஒரு டின்னில் போட்டுவருகிறேன். மாமாவுக்குத் தெரியும். ஒன்றும் சொல்வதில்லை.

கடையில் இப்போது ஒரு புதிய விதி உண்டு. பணம் அனுப்பச் சொல்லி யார் எழுதினாலும், அது நானாகவே இருந்தாலும், மாமா முதலில் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். வகுப்பில் இருந்தாலும் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. சென்ற வாரம் விரிவுரை நடுவே அழைத்தார். வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

“நீதான் எழுதினியாம்மா?”

“நான்தான் மாமா.”

“சரி, போய்ப் படி.”